திரி பிடிக்கும்வரை

அண்மையில் மேடையேறிய எங்கள் நாடகத்தின் கடைசிக் காட்சி இது. திண்ணையில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். பொழுது சாய்கிறது. நாலு நிமிடம் வசனமே கிடையாது. பிறகு அவள் எழுந்து, தீக்குச்சியை உரசி, மாடத்தில் இருக்கும் அகல் விளக்கை ஏற்றுகிறாள், அந்தச் சின்னச் சுடரிலிருந்தே வீடு முழுக்க வெளிச்சம் பரவுவதுபோல் தெரிய வேண்டும். நாடகத்துக்கு ஒளி என் பொறுப்பு. இதற்கு என் லேப்டாப்பில் 2 க்யூ, அதாவது விளக்குகளை மாற்றச் சொல்லும் கட்டளை. ஒன்று 240 விநாடி ஓடுவது, இன்னொன்று 3 விநாடி. நாடகத்தில் மொத்தம் 41 க்யூ, அதில் இந்த இரண்டுக்கும் நான் செலவழித்த ராத்திரிகள் மீதி 39க்கும் சேர்த்துச் செலவழித்ததைவிட அதிகம். ஏன் என்று எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் கையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரிய சாதனங்கள் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். 8 எல்இடி பார் விளக்கு, 6 ஹாலோஜன் விளக்கு, ஹாலோஜனின் ஒளியைக் கூட்டிக் குறைக்க ஒரு ஆறு சேனல் டிம்மர், ஒரு பழைய லேப்டாப், லேப்டாப்பின் கட்டளையை விளக்குகளுக்குக் கொண்டுபோக ஒரு யுஎஸ்பி-டிஎம்எக்ஸ் பெட்டி. மென்பொருள் க்யூஎல்சி பிளஸ். அது இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்ப்பெரி பை எல்லாவற்றிலும் ஓடும். ஈடிசி நிறுவனத்தின் இயாஸ் மென்பொருளையும் லேப்டாப்பில் போட்டுப் பழகலாம், ஆனால் அதிலிருந்து விளக்குக்குச் சிக்னல் போக அவர்களுடைய யுஎஸ்பி சாவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எங்களைப் போன்ற குழுவுக்கு க்யூஎல்சி பிளஸ் போதும். இன்னும் சொன்னால், அதன் குறைகளிலிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

டிஎம்எக்ஸ் 512 பற்றி ரொம்ப விளக்க வேண்டாம். 1986இல் அமெரிக்காவில் யுஎஸ்ஐடிடி என்ற அமைப்பு உருவாக்கிய, விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை, ஒரு கேபிளில் 512 சேனல், ஒவ்வொரு சேனலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண், 512ஐயும் முழுதாக அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 44 தடவை. எங்கள் பார் ஒவ்வொன்றுக்கும் 7 சேனல், அதனால் முதல் விளக்கின் முகவரி (அது தொடங்கும் சேனல்) 1, அடுத்தது 8, அப்புறம் 15, 22 என்று போகும். கேபிள் பற்றி மட்டும் ஒன்று: மைக் கேபிளும் மூன்று பின்தான், செருகினால் பொருந்தும், வேலையும் செய்யும், ஆனால் அது டிஎம்எக்ஸுக்கு வேண்டிய 120 ஓம் கேபிள் கிடையாது. நீளம் கூடும்போது சிக்னல் திரும்பி வந்து மோதி விளக்குகள் காரணமில்லாமல் துடிக்கும். கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் ஒன்றைச் செருகி வையுங்கள். பத்து ரூபாய் ரெசிஸ்டரை ஒரு ஆண் பிளக்கில் 2ஆவது பின்னுக்கும் 3ஆவது பின்னுக்கும் நடுவே சால்டர் செய்தால் முடிந்தது.

சரி, க்யூவுக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் க்யூ என்றால் ஒரு படம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த விளக்கு இவ்வளவு, அந்த விளக்கு அவ்வளவு, பதிவு செய், அடுத்தது. இந்த நாடகத்துக்கு நான் முதலில் கொண்டுபோன ஃபைலில் 118 க்யூ இருந்தது. ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு நிறம், யாராவது நகர்ந்தால் ஒரு மாற்றம். இயக்குநர் அக்கா முதல் ஓட்டத்தை முழுக்கப் பார்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்: “தம்பி, படம் எல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு எப்படிப் போறேன்னு யோசிச்சியா?” யோசிக்கவில்லை. எல்லா க்யூவுக்கும் மென்பொருள் கொடுத்த அதே ஃபேடு நேரத்தை, அதாவது ஒளி மெல்ல மாற எடுக்கும் நேரத்தை, அப்படியே விட்டிருந்தேன், காலைக்கும் சாவுக்கும் ஒரே வேகம்.

அக்கா தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர். அவர் சொன்ன ஒரு விஷயம் அன்றிலிருந்து என் மண்டையில் நிற்கிறது. முன்பு தீவட்டி, பிறகு பெட்ரோமாக்ஸ், எதுவானாலும் கூத்தில் விடிய விடிய ஒரே வெளிச்சம்தான், ஆனாலும் துரியோதனன் வரும்போது ஊரே நிமிர்ந்து உட்காரும், ஏனென்றால் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அதற்குப் பின்னால் அவன் ஆடுவது கால் மட்டும் தெரிகிறது, பாட்டு ஏறுகிறது, எப்போது திரை விலகும் என்பது அந்த நடிகனுக்கும் பாடுகிறவருக்கும் திரை பிடிப்பவர்களுக்கும் நடுவே அந்த நொடியில் முடிவாகிறது. “அதுதான் க்யூ,” என்றார். வீட்டுக்கு வந்து 118ஐ 41 ஆக்கினேன். மிச்சமான ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் எழுதினேன், அந்த நேரத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்றும் பக்கத்தில் எழுதினேன்: மெஷினா, விரலா.

நினைவகம் உள்ள லைட் போர்டு (விளக்குகளை இயக்கும் பலகை) வருவதற்கு முன் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பிராட்வேயில் கம்ப்யூட்டர் போர்டை முதலில் பயன்படுத்தியவர் ஒளியமைப்பாளர் தாரன் மஸ்ஸர், 1975இல், ‘எ கோரஸ் லைன்’ என்ற இசை நாடகத்துக்கு. அதுவரை பல ஆட்கள் கைப்பிடிகளை இழுத்து இறக்கித்தான் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தார்கள், எல்லா நேரமும் கையின் நேரம். மெஷின் வந்ததும் ஒரு மாற்றத்தை நூறு நாளும் ஒரே மாதிரி செய்ய முடிந்தது, அது பெரிய விடுதலை. ஆனால் கூடவே, எதையெல்லாம் ஒரே மாதிரி செய்யக் கூடாது என்று முடிவெடுக்கும் பொறுப்பும் ப்ரோக்ராம் செய்கிறவர் தலையில் வந்து விழுந்தது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

க்யூஎல்சி பிளஸில் இதை எப்படிச் செய்வது என்றால், ஒவ்வொரு நிலையையும் ஒரு ‘சீன்’ ஆகப் பதிவு செய்து, சீன்களை வரிசையாக ஒரு ‘சேஸர்’ உள்ளே அடுக்கி, அந்த சேஸரை ‘க்யூ லிஸ்ட்’ என்ற கட்டத்தோடு இணைக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஃபேடு இன் (ஏறும் நேரம்), ஹோல்டு (நிற்கும் நேரம்), ஃபேடு அவுட் (இறங்கும் நேரம்) என்று மூன்று நேரம். வேகத்தை ‘ஒவ்வொரு படிக்கும் தனி’ என்று மாற்றி வைத்தால்தான் அவற்றைத் தனித்தனியாக எழுத முடியும். ஹோல்டு முடிவிலி என்று வைத்தால் அடுத்த க்யூ உங்கள் விரலுக்காகக் காத்திருக்கும், ஒரு எண்ணை எழுதினால் மெஷின் தானாகவே அடுத்ததுக்குப் போய்விடும். நான் மேலே சொன்ன மெஷின் நேரமும் விரல் நேரமும் இந்த ஒரு கட்டத்தில்தான் பிரிகின்றன. அடுத்ததுக்குப் போக ஸ்பேஸ் பாரை வைத்துக்கொண்டேன், இருட்டில் தடவினாலும் தப்பாது. இதில் படி எண்கள் வரிசை எண்கள்தான், பெரிய போர்டுகளைப்போல் 12க்கும் 13க்கும் நடுவே 12.5 என்று செருக முடியாது, நடுவில் ஒன்றைச் சேர்த்தால் பின்னால் உள்ள எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். ஸ்டேஜ் மேனேஜர் கையில் இருக்கும் பிரதியில் பழைய எண்தானே இருக்கும்? அதனால் எங்கள் க்யூ எண்ணைச் சீன் பெயரிலேயே எழுதிவிட்டேன், குறிப்பு என்ற பத்தியில் எதைப் பார்த்து அழுத்த வேண்டும் என்பதை எழுதினேன்.

இப்போது எனக்கு நேர்ந்த ஒரு தவறு. நாடகத்தின் நடுவில் ஒரு புயல் வருகிறது, மின்னலுக்கு எல்இடி பாரின் ஸ்ட்ரோப் சேனலை, விளக்கைப் படபடவென்று துடிக்கவைப்பதை, தொட்டிருந்தேன். தனித்தனியாக ஒவ்வொரு காட்சியையும் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரி. முதல் தடவையாக நிறுத்தாமல் முழு நாடகமும் ஓடிய அன்று, புயலுக்கு அடுத்த காட்சியில் பிணத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மெல்லிய நீலம் ஏறுகிறது, அந்த நீலம் படபடவென்று துடிக்கிறது. நடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தவில்லை. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

காரணம் இதுதான். க்யூஎல்சி பிளஸ் சேனல்களை இரண்டு வகையாகப் பார்க்கிறது. ஒளியின் அளவைச் சொல்லும் சேனல்களுக்கு, ஒரே நேரத்தில் பல கட்டளை வந்தால் அதிகமானது ஜெயிக்கும், சீன் முடிந்ததும் அவை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஸ்ட்ரோப், நிறச் சக்கரம், அசையும் விளக்கின் திசை போன்ற மற்ற சேனல்களுக்குக் கடைசியாக வந்த கட்டளைதான் கணக்கு, சீன் முடிந்தாலும் அந்த எண் அப்படியே நிற்கும். சீனில் ஒவ்வொரு சேனலுக்கும் பக்கத்தில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது, டிக் போடாத சேனலை அந்தச் சீன் தொடவே தொடாது. சாவு வீட்டுக் காட்சியில் ஸ்ட்ரோப் சேனலுக்கு நான் டிக் போடவில்லை, புயலில் கொடுத்த 200 அப்படியே தங்கிவிட்டது. அந்தக் காட்சிக்கு நேராகத் தாவிப் போய் ஒத்திகை பார்த்த எல்லா நாளும் ஸ்ட்ரோப் பூஜ்யத்தில் இருந்தது, அதனால் தெரியவில்லை. இயாஸ் போன்ற போர்டுகளில் டிராக்கிங் என்ற முறை உண்டு, அதிலும் மாறாத சேனல் முந்தைய எண்ணோடு தொடரும்தான், ஆனால் நடுவில் எந்த க்யூவுக்குத் தாவினாலும் முதலிலிருந்து ஓடி வந்திருந்தால் என்ன இருக்குமோ அதைக் கணக்குப் போட்டுக் காட்டும், தவறு ஒத்திகையிலேயே கண்ணில் பட்டுவிடும். இங்கே எங்கிருந்து வந்தீர்கள் என்பதைப் பொறுத்து நிலை மாறும். அன்று ராத்திரி உட்கார்ந்து 41 சீனிலும் 8 பாரின் எல்லா சேனலுக்கும் டிக் போட்டு, வேண்டாத இடத்தில் 0 என்று எழுதினேன். அலுப்பான வேலைதான், ஆனால் இனி எந்த க்யூவும் முந்தைய க்யூவை நம்பி நிற்கவில்லை.

அந்த ஸ்ட்ரோப்பையும் எடுத்துவிட்டேன், மின்னல் அப்படிச் சீராகத் துடிப்பதில்லை. அதற்குப் பதில் 5 படிகள்: ஃபேடு பூஜ்யம், ஹோல்டு 0.08 விநாடி, இருட்டு 0.12, மறுபடி 0.05, இருட்டு 0.4, கடைசியில் ஒரு நீண்ட 0.2. இருட்டு எப்போதும் ஒரே அளவாக இல்லாமல் இருந்தாலே கண் நம்பிவிடுகிறது. இதற்கு எல்இடி மட்டும்தான் உதவும், ஹாலோஜனில் இழை சூடேறி ஆறுவதற்குள் மின்னல் போய்விடும். இடிச் சத்தம் 2 விநாடி கழித்து. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், ஆக கிட்டத்தட்ட 700 மீட்டர் தள்ளி விழுந்த இடி, ஊர் எல்லையில் என்று அக்கா கேட்ட தூரம். இது முழுக்க மெஷினின் நேரம். நான் ஒரு தடவை அழுத்தினால் போதும், 0.08ஐ எந்த விரலும் தினமும் ஒரே மாதிரி அடிக்காது, அடிக்கவும் வேண்டாம்.

பொழுது சாய்வதுதான் ரொம்பப் படுத்தியது. 240 விநாடியில் ஹாலோஜன் 180லிருந்து 25க்கு இறங்க வேண்டும், எல்இடி நீலம் 0விலிருந்து 40க்கு ஏற வேண்டும். ஹாலோஜன் இறங்குவது அழகு, ஒளி குறையக் குறைய இழை சிவந்து தானாகவே அந்தி நிறத்துக்கு வந்துவிடும், கூடவே இழைக்கு இருக்கிற சூடு ஒவ்வொரு படிக்கும் நடுவே இருக்கும் வெடிப்பை மெழுகிவிடும். எல்இடியில் அந்த மெழுகல் கிடையாது. 40 படியை 240 விநாடியில் ஏறினால் ஒரு படிக்கு 6 விநாடி, அதாவது 6 விநாடிக்கு ஒருமுறை நீலம் ஒரு குட்டித் துள்ளல் துள்ளுகிறது, அதிலும் 0விலிருந்து 1க்குப் போகும் துள்ளல் இருட்டுச் சுவரில் பளிச்சென்று தெரிகிறது. 16 பிட் டிம்மிங் உள்ள விளக்கில் இரண்டு சேனல் சேர்ந்து 65,536 படி கிடைக்கும், எங்கள் பாரில் அது இல்லை.

மூன்று விஷயம் செய்தேன். காட்சி தொடங்கும்போதே நீலத்தை 12இல் வைத்துவிட்டேன், ஹாலோஜன் பலமாக இருக்கும்போது அந்த 12 யார் கண்ணுக்கும் தெரியாது, ஹாலோஜன் இறங்கும்போது அது வெளியே வருகிறது, அப்படியானால் கொஞ்சம் வேலையை ஏறாமலே முடித்துவிட்டது. அடுத்து, 8 பாருக்கும் ஒரே 40ஐக் கொடுக்காமல் 36, 38, 41, 43 என்று கலைத்துக் கொடுத்தேன், முடியும் எண் வேறு என்றால் படி மாறும் நொடியும் வேறாகிவிடும், எல்லாம் சேர்ந்து துள்ளாது. கடைசியாக, முதல் 90 விநாடியில் அதிகம் இறக்கிவிட்டேன். பார்வையாளர்களின் கண் இருட்டுக்குப் பழக நேரம் வேண்டும், முந்தைய காட்சி வெளிச்சமாக இருந்தால் அடுத்த மங்கல் முழு இருட்டாகத்தான் தெரியும், அதனால் கண் பழகப் பழகக் குறைத்தால் கடைசியில் மிகக் குறைந்த ஒளியிலும் கிழவியின் முகம் தெரிகிறது. பின்வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். எப்போது இருட்டியது என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம் விளக்கு. கிழவியாக நடித்த அம்மா அவ்வளவு கணக்கானவர், ஒத்திகையில் ஒவ்வொரு நாளும் 240 விநாடிக்கு 2, 3 விநாடி முன்பின்னாகத் திரி பிடித்துவிடும். அதைப் பார்த்து எனக்கு ஆசை வந்து, ஹோல்டில் முடிவிலியை எடுத்துவிட்டு எண்ணை எழுதி, அந்தியிலிருந்து விளக்குக்குத் தானாகப் போகும்படி வைத்தேன். அக்கா பார்த்ததும் கேட்டார், “தீக்குச்சி யார் கையில இருக்கு?” “அம்மா கையில.” “அப்ப உனக்கு எதுக்கு அந்த நம்பரு?” மறுபடி முடிவிலிக்கு மாற்றினேன்.

ஆனால் விரலிலும் ஒரு சிக்கல் இருந்தது. சுடரைப் பார்த்து நான் அழுத்தக் கால் விநாடி ஆகும், 3 விநாடி ஃபேடில் முதல் அரை விநாடி கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, ஆக யாரோ ஸ்விட்ச் போட்டதுபோல் வெளிச்சம் பின்னால் ஓடி வந்தது. குச்சி திரியைத் தொடும்போதே அழுத்திப் பார்த்தேன், அழகாகப் பொருந்தியது, ஆனால் திரி பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கடைசியில் அந்த க்யூவை இரண்டு படியாகப் பிரித்தேன். முதல் படி 0.2 விநாடியில் மாடத்துக்கு மேல் இருக்கும் ஒரே ஒரு ஹாலோஜனைக் கொஞ்சம் தூக்கும், உடனே இரண்டாவது படி தானாகத் தொடங்கி மீதி விளக்குகளை 2.8 விநாடியில் ஏற்றும். அழுத்திய கணமே ஒரு பொட்டு ஒளி வந்துவிடுவதால் இனி முந்தி அழுத்த வேண்டியதில்லை, திரி பிடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டே அழுத்தலாம். சுடர் ஆடுவதுபோல் ஒளியும் ஆட வேண்டும் என்று ஒரு சேஸர் எழுதியிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். உண்மைச் சுடர் மேடையில் இருக்கும்போது எனக்கு அது பொய்யாகப் பட்டது.

மூன்றாவது காட்சி நாள். அந்தி முடிந்தது, அம்மா எழுந்தார், குச்சியை உரசினார், அரங்கின் ஏசி காற்றில் திரிக்குக் கொண்டுபோவதற்குள் அணைந்துவிட்டது. முழு அரங்கும் அந்த நீல மங்கலில். அம்மா அவசரப்படவே இல்லை. பெட்டியை மறுபடி திறந்தார், ஒரு குச்சியைத் தடவி எடுத்தார், உரசினார், உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டு மெல்ல மாடத்துக்குப் போனார். என் விரல் ஸ்பேஸ் பார் மேல். ஹெட்செட்டில் ஸ்டேஜ் மேனேஜர் தம்பி மூச்சுவிடுவது கேட்டது, “கோ” என்று சொல்லவில்லை, அவனும் திரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்தது. “கோ.” மாடம், பிறகு அம்மாவின் கை, பிறகு முகம், பிறகு வீடு.

ஃபைலில் அந்த எண் இருந்திருந்தால், முதல் குச்சி அணைந்த கையோடு வீடு முழுக்க விளக்கு எரிந்திருக்கும், அம்மா அணைந்த குச்சியோடு வெளிச்சத்தில் நின்றிருப்பார்.

மறுநாள் மதியம் அக்கா எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் இரண்டு குச்சி என்று பிரதியிலேயே எழுதிவிட்டார். நான் 240ஐ 255 ஆக்கினேன், முதல் குச்சிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று. குறிப்புப் பத்தியில் இப்போது இப்படி இருக்கிறது: க்யூ 41, முதல் குச்சி அணையும், அழுத்தாதே, இரண்டாவது குச்சி, கை குவியும், திரி.